அப்பா தொடக்கூடாது

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் அம்மா எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, "இந்தாங்க, பேசுங்க" என்று ரிசீவரை நீட்டினாள். "அப்பா" என்று நீ சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. அதற்குள் லைன் போய்விட்டது. பாதி அப்பாவை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்ட முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் தொந்தரவு வேண்டாம் என்று பிரிந்தவர்கள்.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறது. ஜூன் கடைசியில் உன் கம்பெனி நிரந்தர வேலைக்குக் கையெழுத்து கேட்கும். அதற்குள் நான் கடையைத் தனியாக ஓட்டக் கற்றுக்கொண்டால் நீ கையெழுத்துப் போடுவாய். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, பழையபடி இந்த எம்ப்ராய்டரி மெஷினுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வாய். போகாதே என்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான்தான். இப்போது சொல்கிறேன், வந்துவிடாதே. வேலையில் இருப்பவளைத் திரும்பக் கூப்பிட்ட அப்பன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

கம்ப்யூட்டரை நானே போட்டேன். நானே அணைத்தேன். நடுவில் கொஞ்சம் வேலையும் நடந்தது. ஒன்று சொல்ல வேண்டும். டிசைன் புரோகிராமில் ஃபைலைத் திறக்கப் போனால் ஒரு ஜன்னல் வருகிறதே, அதன் இடது பக்கப் பட்டையில் "இன்னைக்கு", "பேர் தைக்க", "ரெடி" என்று வரிசையாக இருக்கிறது. இந்தப் புரோகிராமை எழுதிய கம்பெனிக்காரன் புத்திசாலி. நாம் பேசுகிற மாதிரியே பெயர் வைத்திருக்கிறான். அடியில் "அப்பா தொடக்கூடாது" என்று ஒன்று இருப்பதைப் பார்த்தபோதுதான், வெளிநாட்டுக் கம்பெனிக்கு என்னைப் பற்றி யார் சொன்னது என்று கொஞ்சம் யோசனையாக இருந்தது.

எல்லாம் நலம். நன்றாக ஓடுகிறது.

அப்பா

*

மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அறைத்தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கம்பெனிக்காரன் இடத்துக்கு வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. மூன்று பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

அப்பா, அந்தப் பட்டையை வைத்தது நான். கிளம்புவதற்கு முந்தின வாரம் நீங்கள் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் உட்கார்ந்து செய்தேன். புரோகிராம் தன் பங்குக்குக் கொடுத்த இடங்கள் உங்களுக்கு ஒன்றுக்கும் ஆகாதவை. அவற்றைக் கீழே தள்ளிவிட்டு, நமக்கு வேண்டிய ஃபோல்டர்களுக்கு நேர் வழி போட்டேன். நீங்களே போட்டுக்கொள்வதும் சுலபம்தான். வேண்டிய ஃபோல்டருக்குள் போய், மேலே "டூல்ஸ்" என்று இருப்பதை அமுக்கினால், "என் இடங்களில் சேர்" என்ற பொருளில் ஒரு வரி வரும். அதை அமுக்கினால் பட்டையின் அடியில் வந்து உட்காரும். அதன்மேல் வலது பட்டனை அமுக்கி மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், பெயர் மாற்றலாம். சொல்லித் தந்துவிட்டேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நீங்கள் "நன்றாக ஓடுகிறது" என்று எழுதிய அதே வாரம் அம்மா போனில் சொன்னாள், பேக்கரிக்காரரின் ஏப்ரன்களில் பெயரைத் தலைகீழாகத் தைத்துவிட்டீர்களாம். கீழே குனிந்து பார்த்தால் அவருக்கு மட்டும் நேராகத் தெரியும் என்று அவரிடமே சொன்னீர்களாம். உண்மையா?

இங்கே வேலை பரவாயில்லை. நாற்பது கம்ப்யூட்டர் ஒரே ஹாலில். எங்கள் சூப்பர்வைசர் அம்மா அதிகம் பேச மாட்டார். தைத்த துணியைக் கையில் கொடுத்தால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். தையல்காரரின் யோக்கியதை அங்கேதான் இருக்கிறதாம்.

உண்மையை எழுதுங்கள். ஒப்பந்தம் அப்படித்தான்.

உங்கள் மகள்

*

மார்ச் 26

என் கடையின் முன்னாள் மேனேஜருக்கு,

ஏப்ரன் விஷயம் உண்மை. ஃப்ரேமில் துணியை மாட்டும்போதே தலைகீழாக மாட்டிவிட்டேன். பேக்கரிக்காரர் நல்லவர். "பரவால்ல, மாவு பட்டா எப்படியும் தெரியப்போறதில்ல" என்று வாங்கிக்கொண்டார்.

பட்டையை வைத்தது நீ என்று நம்ப முடியாமல், அடுத்த தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் ஃபைல் திறக்கும் ஜன்னலைக் காட்டச் சொன்னேன். காட்டினார். "'இன்னைக்கு' எங்கே?" என்றேன். "இன்னைக்கு என்ன?" என்றார். "இல்லை, 'இன்னைக்கு' எங்கே இருக்கு?" என்றேன். அந்த மனிதர் காலண்டரைக் காட்டினார். இதற்குமேல் பேசினால் இரண்டு பேருக்கும் நல்லதில்லை என்று வந்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்து அந்தப் பட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் சுவரைப் போல அதை ஒரு பொருளாகவே எண்ணவில்லை. என் கை தானாக அங்கே போகும், வேண்டியது கிடைக்கும். கிடைக்கும்படி ஒருத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, அதை அமுக்கவே ஒரு கூச்சமாக இருக்கிறது.

அதற்காகச் சும்மா இருந்தேனா? நீ "செய்யாதீர்கள்" என்று எழுதிய வரிக்கு மேலே எப்படிச் செய்வது என்றும் எழுதியிருந்தாய். செய்தேன். பேக்கரிக்கு ஒன்று, கால்பந்து கிளப்புக்கு ஒன்று, டிரைவிங் ஸ்கூலுக்கு ஒன்று, எழுத்து வகைக்கு ஒன்று, உன் அம்மா கேட்ட பூவுக்கு ஒன்று. கை பழகிவிட்டது, நிறுத்த முடியவில்லை. இப்போது பட்டை ஜன்னலுக்குள் அடங்காமல் அடியில் ஒரு அம்புக்குறி முளைத்திருக்கிறது. அதை அமுக்கி அமுக்கிக் கீழே போனால்தான் எனக்கு வேண்டியது வருகிறது. உன் அம்மா நூல் வெட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, "வீடு முழுக்க வாசலா வச்சிட்டா சுவர் எங்க நிக்கும்?" என்றாள்.

ஒரு நல்ல செய்தி. ஆஸ்பத்திரி யூனிபார்ம் ஆர்டர் இந்த வருடமும் நமக்கே. மேட்ரன் நேரில் வந்தார். அதே ஸ்கேல் கையில். நீ வைத்த "ஸ்கேல் அம்மா" என்ற பெயர் என் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து, பேச்சு முழுக்க "மேடம், மேடம்" என்றே ஓட்டினேன். கோட்டுக்கு மார்பில் எம்ப்ளம், தொப்பிக்குச் சின்ன எம்ப்ளம். மே முதல் வாரம் கொடுக்க வேண்டும். "பொண்ணு இல்லாம முடியுமா உங்களால?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்பா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் அம்புக்குறி. பட்டையில் காலியிடத்தில் வலது பட்டனை அமுக்குங்கள். "சின்ன ஐகான்" என்று வரும். அதைப் போட்டால் எல்லாம் சுருங்கி ஒரே பார்வையில் அடங்கும். பிறகு நீங்கள் சேர்த்ததில் வேண்டாததை எடுத்துவிடுங்கள். பயப்படாதீர்கள். பட்டையில் இருப்பது வழிகாட்டிப் பலகை மட்டும்தான். பலகையைப் பிடுங்கினால் ஊர் காணாமல் போகாது, ஃபோல்டர் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

ஏன் அந்த வரிசையில் வைத்தேன் என்று கேளுங்கள். நீங்கள் தலையைத் தூக்கி, கண்ணாடியின் அடிவழியாகத் திரையின் மேல் மூலையைத்தான் முதலில் பார்ப்பீர்கள். அதனால் "இன்னைக்கு" மேலே. எதையாவது அமுக்கும்போது உங்கள் கை அரை விரல் கீழே வழுக்கும். அதனால் "இன்னைக்கு"க்கு நேர் கீழே "ரெடி"யை வைக்கவில்லை. வைத்திருந்தால் தைத்து முடித்ததையே மறுபடி தைத்துக்கொண்டிருப்பீர்கள். நடுவில் "பேர் தைக்க". அதைத் தப்பாக அமுக்கினாலும் நஷ்டமில்லை. கடைசியில் இருப்பதன் பெயரே போதும். நீங்கள் என் பேச்சை மீற மாட்டீர்கள் என்பதுதான் அதற்குப் பூட்டு.

இன்னொன்று. இந்த ஹாலில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பட்டை வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. ஒரு டிசைனைத் திறக்க எல்லோரும் ஆறேழு ஃபோல்டர் நுழைந்து வருகிறார்கள். நான் என்னுடையதை மட்டும் மாற்றி வைத்தேன். பக்கத்து இருக்கைக்காரி பார்த்துத் தனக்கும் கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவர் கேட்டார். போன வாரம் சூப்பர்வைசர் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சிடு" என்றார். "ஒரே மாதிரி வைக்க முடியாது மேடம். ஒவ்வொருத்தர் கையும் எங்க போகுதுன்னு பாத்துட்டுத்தான் வைக்கணும்" என்றேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். "அப்ப பாத்துட்டே வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது தினமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்ப்பது என் வேலை. உங்கள் கையைப் பார்த்துப் பழகிய எனக்கு மற்றவர்கள் கை எல்லாம் ரொம்பச் சுலபம்.

ஸ்கேல் அம்மா விஷயத்தில் ஜாக்கிரதை. தொப்பிக்குச் சின்ன எம்ப்ளம் செய்யும்போது வேறு பெயரில் சேமியுங்கள். மறக்காதீர்கள்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 17

அன்பு மகளுக்கு,

சின்ன ஐகான் போட்டேன். பட்டை அடங்கிவிட்டது. நன்றி. வெயில் அதிகம். உன் அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

பொது அறிவுக்காக ஒரு கேள்வி. ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்கச் சொன்னார். ஒருவரிடம் ஒரு பெரிய டிசைன் இருக்கிறது என்று வைத்துக்கொள். அவர் அதைத் திறந்து, சின்னதாக்கி, ஏதோ ஞாபகத்தில் அதே பெயரில் சேமித்துவிட்டார். மெஷினுக்குக் கொண்டுபோகிற ஃப்ளாப்பியிலும் அதே பெயரில் அதையே எழுதிவிட்டார். பெரியது இனி எங்கேயும் இல்லை. அவர் என்ன செய்யலாம்? அவசரமில்லை, அவர் சும்மாதான் கேட்டார்.

நன்றாக ஓடுகிறது.

அப்பா

*

ஏப்ரல் 27

அப்பா,

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எம்ப்ராய்டரி டிசைன் எதற்கு?

போன ஞாயிறே அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எம்ப்ளம் போய்விட்டது, சின்னதை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள், தையலுக்கு நடுவில் துணி தெரிகிறது, கோட்டெல்லாம் வெட்டி வந்து அடுக்கிக் கிடக்கிறது, நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், "அப்பா தொடக்கூடாது"வைத் திறக்கச் சொல்லு, எல்லாவற்றுக்கும் உள்ளே நகல் இருக்கிறது என்று. இந்த ஞாயிறு கேட்டால், நீங்கள் இன்னும் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டே இருக்கிறீர்கள் என்கிறாள். ஏன் திறக்கவில்லை? என்மேல் கோபமா?

யோசித்துவிட்டேன். இது என் தப்பு. இரண்டு வருடம் நான் உங்களை அந்த நாற்காலியில் உட்காரவே விடாமல், திடீரென்று முழுக்க உங்கள் தலையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி ஆர்டர் போனால் அடுத்து கிளப்காரர் போவார், பிறகு எல்லோரும். நான் திரும்பி வருகிறேன். மே பதினைந்தாம் தேதி சூப்பர்வைசர் அம்மா ஊரிலிருந்து திரும்புகிறார். அன்றைக்கே கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லிவிடுவேன். இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

நீங்கள் வருத்தப்பட வேண்டாம். சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 29

அன்பு மகளுக்கு,

போன கடிதத்தில் வந்த ஜெராக்ஸ் கடைக்காரர் நான்தான். நீ கண்டுபிடித்திருப்பாய். வேலை முடிந்துவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

தொப்பி எம்ப்ளத்தை முடித்துவிட்டு, மறுநாள் கோட்டுக்கு என்று "இன்னைக்கு"வைத் திறந்தால், திரையில் பட்டாணி அளவில் ஒரு எம்ப்ளம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. இழுத்துப் பெரிதாக்கித் தைத்துப் பார்த்தேன். நூல் பெரிதாகுமா? தையல் எண்ணிக்கை அதேதான், இடைவெளிதான் கூடியது. என் தலையைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அங்கொன்று இங்கொன்றாக. அதே மாதிரி ஒரு எம்ப்ளம். உன் அம்மா அதைக் கையில் வாங்கி, என் தலையைப் பார்த்து, மறுபடி அதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

அந்த "தொடக்கூடாது"வைத் திறக்கலாமா என்று ஒரு தரம் கை போனது. எடுத்துவிட்டேன். தொட்டால் இருப்பதும் போய்விடுகிற மாதிரி ஏதாவது அதில் இருக்கும் என்று பயம். என் கை அன்றைக்கு இருந்த ராசி அப்படி.

பிறகு போன வருடத்துக் கோட்டு ஒன்றை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் மாட்டினேன். முதலிலிருந்து வரைய ஆரம்பித்தேன். இரண்டு இலை, நடுவில் விளக்கு. எந்த நூல் முதலில், எது பிறகு என்பது எனக்குத் தெரியும். மெஷின் பக்கத்தில் நின்று எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். தெரியாதது மௌஸ் பிடிப்பது மட்டும்தான். முதல் இலை வாழைப்பழம் மாதிரி வந்தது. இரண்டாவது காது மாதிரி. அழித்தேன், வரைந்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் வேறு வேறு பெயரில் சேமித்தேன். இப்போது என்னிடம் இருபதுக்கு மேல் தோற்றுப்போன இலைகள் இருக்கின்றன. மரம் வைக்கலாம். கோட்டில் விளக்கு கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருந்தது. தைக்கும்போது துணி இழுத்திருக்கும் என்று நினைத்து, ஒரு ஸ்கேலை வாங்கி வைத்து நேராகப் போட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

நேற்று மேட்ரன் வந்தார். முதல் கோட்டை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்தார். அகலம் பார்த்தார், உயரம் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். "இது பழைய மாதிரி இல்லையே" என்றார். நான் மறுபடி தண்ணீர் குடித்தேன். "பழசுல விளக்கு சாஞ்சிருந்தது. ரெண்டு வருஷமா சொல்லணும்னு நினைப்பேன். பொண்ணு அவ்வளவு ஆசையா கொண்டுவந்து குடுப்பா, வாய் வராது" என்றார். எல்லாவற்றையும் இப்படியே தைத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்கேலை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றால் பார்த்துக்கொள்.

தைத்த துண்டு ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உன் சூப்பர்வைசர் அம்மா மாதிரி பின்பக்கத்தையும் பார். அங்கே கொஞ்சம் முடிச்சு இருக்கும், மன்னித்துவிடு.

அப்பா

*

மே 7

மகளே,

உன் ஏப்ரல் 27 கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. அதற்குள் என்னுடையது உன்னைத் தேடிப் புறப்பட்டுவிட்டது. இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கும். நம் போனும் பத்து நாளாகச் செத்துக் கிடக்கிறது, நீ கூப்பிட்டாலும் மணி அடிக்காது. என்னுடையது பதினைந்தாம் தேதிக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலை. வந்திருந்தால் இதைச் சாவகாசமாகப் படி. வரவில்லை என்றால் ஒரு வரி மட்டும் படி: வராதே.

"தொடக்கூடாது"வைத் திறக்கச் சொல்லி நீ போனில் சொன்னதை உன் அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. கடிதத்தைக் காட்டி, "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "சொன்னா திறந்து எடுத்துட்டு எழுந்து போயிருப்பீங்க. நீங்க இப்படி ஒரு வேலையில தலையைக் குடுத்து உக்காந்து எத்தனை வருஷமாச்சு. எனக்குப் பாக்கணும்னு இருந்தது. ரெண்டு நாள் கெடு வச்சிருந்தேன், அதுக்கப்புறம் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள உங்க இலை, இலை மாதிரி வர ஆரம்பிச்சிடுச்சு." இந்தப் பெண்மணியோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை பார்.

பிறகு, நீ அனுமதி கொடுத்துவிட்டாய் என்பதால், திறந்தேன்.

அம்மாடி, உள்ளே நீ வைத்திருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். "நூல் கலர் மாறிப்போனால்". "பேக்கரி பெயர் தலைகீழானால்". "பெரியதைச் சின்னதாக்கி அதே பெயரில் சேமித்தால்". "எல்லாமே போனால்". நான் செய்யப்போகிற ஒவ்வொரு தப்புக்கும் நான் செய்வதற்கு முன்பே ஒரு அறை கட்டி வைத்திருக்கிறாய். ஏப்ரன் விஷயம் கூட. அந்த எம்ப்ளம் அலுங்காமல் குலுங்காமல் தன் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தரம் அமுக்கினால் வந்திருக்கும். அதற்கு நான் ஒரு வாரம் இலை வளர்த்தேன்.

என்னை இவ்வளவு பார்த்திருக்கிறாயா நீ? நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம், பக்கத்தில் உட்கார்ந்து என் கை எங்கே வழுக்குகிறது என்று பார்த்துக்கொண்டா இருந்தாய்? உன் வயதில் நான் யாரையும் இப்படிப் பார்த்ததில்லை. இப்போதும் தெரியாது. நீ அந்த ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கையையும் பார்க்கிறாய் என்று எழுதினாயே, அது உன் வேலைதான். வேறு யாராலும் முடியாது. அதை விட்டுவிட்டு வந்து என் அரை விரலுக்குக் காவல் இருக்காதே. எனக்கு நீ வைத்துவிட்டுப் போனதே ரொம்ப நாள் வரும்.

அப்பா

*

மே 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஏப்ரல் 29 கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. துணித் துண்டைப் பிரித்து, முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். பழகிவிட்டது. முடிச்சு இருக்கிறது. பரவாயில்லை, என் முதல் டிசைனில் இதைவிட அதிகம் இருந்தது. பிறகு முன்பக்கம் திருப்பினேன். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சாப்பாட்டு மணி அடித்தது தெரியவில்லை.

நேற்று சூப்பர்வைசர் அம்மா வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. அந்தத் துண்டை அவர் மேசையில் வைத்தேன். திருப்பினார். தடவிப் பார்த்தார். "யார் போட்டது?" என்றார்.

"எங்க கடையில புதுசா சேர்ந்தவர் மேடம்."

"எத்தனை நாள் ஆச்சு?"

"மார்ச்லேர்ந்து. இன்னும் நிரந்தரம் ஆகல."

மறுபடி திருப்பிப் பார்த்தார். "முடிச்சு போடக் கத்துக்கணும். கண்ணு நல்லா இருக்கு. விட்டுடாதீங்க" என்றார். அப்போதுதான் சொன்னேன், எங்கள் அப்பா என்று. அந்த அம்மா சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தோம்.

அப்பா, நீங்கள் தேறிவிட்டீர்கள். ஜூன் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு கோபம் மட்டும் இருக்கிறது. என் விளக்கு இரண்டு வருடமாகச் சாய்ந்தே இருந்திருக்கிறது. மேட்ரனுக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்கும் கண்ணில் பட்டிருக்கிறது, அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் கூடச் சொல்லவில்லை. ஆகஸ்டில் லீவு கொடுக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை அதை நேராக்குவதுதான். ஒரு மில்லிமீட்டர் விடமாட்டேன்.

உங்கள் மகள்

*

மே 28

அன்பு மகளுக்கு,

கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "புதுசா சேர்ந்தவர்" வந்ததும், "பாருங்க, இன்னும் நிரந்தரம் ஆகலையாம், ஒழுங்கா இருங்க" என்றாள். இரண்டு நாளாக டீ கூட என்னைத்தான் போடச் சொல்கிறாள். பயிற்சிக் காலமாம். முடிச்சுப் போடுவதையும் அவளிடமே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி ஆர்டர் முழுக்கப் போய்விட்டது. மேட்ரன் ஸ்கேலை வாங்க வந்தவர், "பொண்ணு எப்ப வர்றா?" என்று கேட்டார். "லீவுக்கு வர்றா மேடம். இருக்கறதுக்கு இல்ல" என்றேன். சொல்லும்போது குரல் என்னுடையதாகவே இருந்தது.

ஆகஸ்டில் நீ வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், பட்டையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நான் சேர்த்த வாசல்களை எல்லாம் எடுத்துவிட்டேன். நீ சொன்னபடி ஊர் காணாமல் போகவில்லை. "இன்னைக்கு" அதே இடத்தில் இருக்கிறது, என் கை இன்னும் அங்கேதான் போகிறது. அடியில் "அப்பா தொடக்கூடாது"வும் அப்படியே இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டாலும் அந்தப் பலகை அங்கே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்கும் கீழே புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன். நீ பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள். எதையும் அடியிலிருந்து ஆரம்பிப்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நானும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். அதன் பெயர் "மகள் தொடக்கூடாது".

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. உன் எம்ப்ளம் மட்டும்தான். துணி இழுத்ததால் சாயவில்லை, டிசைனிலேயே விளக்கு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது, நீ வரைந்தபடி. வந்து உட்கார்ந்ததும் உன் கை அதை நேராக்கப் போகும் என்று தெரியும். கோட்டுகளுக்கு என்னுடையது இருக்கிறது. இது அப்படியே இருக்கட்டும்.

நீ என் பேச்சை மீற மாட்டாய் என்று சொல்ல முடியாது. அதனால் நகலும் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

அப்பா